போன காலுக்கும் வரியா?

நெல்லையில் பி.காம். படிக்கிறவன் கேட்கிறேன்... பதில் சொல்லுங்க மக்களே!

1971 போரில் கண்ணிவெடியை மிதித்தார் இயான் கார்டோசோ. சிதைந்த காலைத் தன் குக்ரி கத்தியால் தானே வெட்டினார். செயற்கைக் காலோடு திரும்பிவந்து பட்டாலியனுக்கே தலைமை தாங்கினார். புனேயில் 1944-லிருந்து ராணுவச் செயற்கை உறுப்பு மையம் இருக்கு. எதுக்கு? அடிபட்டவர் எழுந்து வேலை பார்க்கத்தானே!

ஆனால் 2019 ஜூனில் வந்த வருமான வரிச் சுற்றறிக்கை சொன்னது என்ன? ஊனத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் ஊன ஓய்வூதியத்துக்கு மட்டும்தான் வரிவிலக்காம். ஊனத்தோடு கடைசிவரை உழைத்து ஓய்வு பெற்றால் வரி கட்டணுமாம்!

இது சம்பாத்தியம் இல்லைங்க, இழப்பீடு. ஓய்வு பெறுகிற அன்னைக்குப் போன கால் முளைச்சிருமா? வீட்டுக்குப் போனவருக்கு விலக்கு, விடாமல் உழைத்தவருக்கு வரி. எந்த ஊர்க் கணக்கு இது?