அடகு வைத்த நகை, அழிந்துபோன வங்கி: அங்கீகாரம் இல்லாத 'அரசில்' வாழ்ந்தவர்களுக்கு என்ன ஆனது?

காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் ஒரு நெசவாளர் குடும்பம், பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்காக நகையை வங்கியில் அடகு வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் கிடைப்பது ஒரு ரசீது, அவ்வளவுதான். வங்கி தகராறு செய்தால் புகார் செய்ய ரிசர்வ் வங்கி இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அதனால் யாரும் அந்த ரசீதை பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வன்னியிலும் மக்கள் இப்படித்தான் நகையை அடகு வைத்தார்கள். வங்கியின் பெயர் தமிழீழ வைப்பகம். விடுதலைப் புலிகள் நடத்தியது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது அந்த வங்கியும் இல்லை, அதன் பின்னால் இருந்த நிர்வாகமும் இல்லை. புலிகளின் வங்கிகளில் பொதுமக்கள் வைத்த நகைகள் உட்பட, ராணுவம் மீட்ட தங்கத்தில் ஒரு பகுதி 2014-ல் உரியவர்களிடம் திருப்பித் தரப்பட்டது. ராணுவத்திடம் இருந்த நகைகள் 2025 மே மாதத்தில்தான், உரிமையாளர்களிடம் சேர்ப்பதற்காக போலீஸிடம் ஒப்படைக்கப்பட்டன. போர் முடிந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உலகம் ஏற்காத ஓர் அரசின் கீழ் வாழ்வது எப்படி இருக்கும்? அந்த அரசு போய்விட்டால் அது கொடுத்த காகிதங்கள் என்ன ஆகும்?

அங்கீகாரம் இல்லாத அரசு என்றால் என்ன?

ஒரு நாடு என்பதற்கு 1933-ல் கையெழுத்தான மான்டிவிடியோ உடன்படிக்கை நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள்தொகை, வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். முதல் மூன்றும் இருந்தும், மற்ற நாடுகள் கதவைத் திறக்காததால் வெளியே நிற்கும் இடங்கள் உலகில் சில இருக்கின்றன. 1983 முதல் துருக்கி மட்டுமே ஏற்ற வடக்கு சைப்ரஸ், மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியா, 1991 மே 18-ல் சோமாலியாவிலிருந்து பிரிவதாக அறிவித்த சோமாலிலாந்து ஆகியவை அப்படிப்பட்டவை.

வன்னி இந்தப் பட்டியலில் கொஞ்சம் வேறு மாதிரி. புலிகள் தனி நாட்டுக்காகப் போரிட்டார்கள், ஆனால் எந்த நாடும் அதை ஏற்கவில்லை. இந்தியா 1992-லேயே அந்த அமைப்பைத் தடை செய்துவிட்டது. இருந்தும் நடைமுறையில் அங்கே ஒரு நிர்வாகம் நடந்தது. 2002 பிப்ரவரியில் நார்வே முயற்சியில் போர்நிறுத்தம் கையெழுத்தாகி, ஏ-9 நெடுஞ்சாலை திறந்த பிறகு, வெளியாட்களும் அதை நேரில் பார்த்தார்கள்.

கிளிநொச்சியில் என்னென்ன இருந்தன?

போலீஸ் இருந்தது. இலங்கை போலீஸில் வேலை பார்த்த பா. நடேசன் தலைமையில் 1990-களின் தொடக்கத்தில் தமிழீழ காவல்துறை உருவானது. ஏ-9 சாலையில் வேகமாக வண்டி ஓட்டினால் நிறுத்தி அபராதம் போட்டார்கள்.

கோர்ட் இருந்தது. மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் மேல்முறையீடு என்று படிகள் வைத்து, தனி தண்டனைச் சட்டமும் சிவில் சட்டமும் 1994-ல் கொண்டுவந்தார்கள். வழக்கறிஞர்களை உருவாக்க சட்டக் கல்லூரியும் இருந்தது. நிலத் தகராறு, கடன், குடும்ப வழக்கு என மக்கள் அங்கே போனார்கள்.

வரியும் இருந்தது. ஓமந்தை, முகமாலை வழியாக உள்ளே போகும் சரக்குக்குப் புலிகள் தீர்வை வசூலித்தார்கள். அந்தச் சுமை கடைசியில் கடையில் பொருள் வாங்குகிறவர் தலையில்தான் விழுந்தது.

அப்போ ரூபாய் யாருடையது?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. தமிழீழ வைப்பகத்தில் போட்ட பணமும் எடுத்த பணமும் இலங்கை ரூபாய்தான். தனி நோட்டு அச்சடிக்கவில்லை. சொல்லப்போனால், புலிகளின் தலைநகரான கிளிநொச்சியிலேயே கொழும்பு அரசின் கச்சேரியும் இயங்கியது. கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை. நம்மூர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. அதன் தலைவர் அரச அதிபர்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் அரசு மருத்துவர்களுக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. சாதாரண தரம், உயர்தரம் என்ற பொதுத்தேர்வுகளை நடத்தியது இலங்கை பரீட்சைத் திணைக்களம். ஆக, ஒரே குடும்பத்தில் அம்மா கொழும்பு சம்பளம் வாங்கும் டீச்சராக இருக்கலாம். அவரே நில வழக்குக்குத் தமிழீழ நீதிமன்றம் போகலாம்.

ரெண்டு பக்கமும் இதை ஏன் விட்டுவைத்தார்கள்? பள்ளியையும் மருத்துவமனையையும் நடத்தும் செலவு புலிகளுக்கு மிச்சம். அந்த மண் தன்னுடையதுதான் என்று சொல்ல கொழும்புக்கு அது ஆதாரம்.

கடிகாரத்திலும் எல்லைக்கோடு

1996-ல் இலங்கை அரசு மின்சாரத்தை மிச்சப்படுத்த நேரத்தை மாற்றியது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு அதைக் குறைத்து அரை மணி நேரம் முன்னால் வைத்தது. புலிகள் அதை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தார்கள். 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பும் வரை இந்த வித்தியாசம் தொடர்ந்தது.

அந்தப் பத்தாண்டில் தாமலில் காலை 9 மணி என்றால் புலிகளின் பகுதியிலும் 9 மணி, கொழும்பில் ஒன்பதரை. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். யாருடைய ஆட்சியில் நிற்கிறோம் என்பது கொடியைப் பார்க்காமலே தெரிந்தது.

எதிர்த்துக் கேட்க முடிந்ததா?

முடியவில்லை. திருட்டும் லஞ்சமும் குறைவு என்று அங்கே போய் வந்த பலர் சொன்னார்கள். ஆனால் தேர்தல் இல்லை, எதிர்க்கட்சி இல்லை, மாற்றுக் கருத்து சொன்னவர்கள் கொல்லப்பட்டார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களைப் புலிகள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். சிறுவர்களைப் படையில் சேர்த்ததை யுனிசெஃப் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தது. போரின் கடைசிக் கட்டத்தில் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துப்போனதும், வன்னியை விட்டு வெளியேற 'பாஸ்' வேண்டும் என்ற கட்டுப்பாடும் மக்களுக்கு நினைவிருக்கிறது.

சோமாலிலாந்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே 2024 நவம்பர் அதிபர் தேர்தலில் பதவியில் இருந்தவர் தோற்றார், எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பேற்றார். அங்கீகாரம் இல்லாமலேயே ஓர் அரசு மக்களுக்குப் பதில் சொல்ல முடியும். போலீஸும் கோர்ட்டும் இருந்தால் மட்டும் அது நடந்துவிடாது.

2009-க்குப் பிறகு காகிதங்கள் என்ன ஆகின?

2006 ஆகஸ்டில் ஏ-9 சாலை மறுபடி மூடப்பட்டது. 2008 ஜனவரியில் இலங்கை அரசு போர்நிறுத்தத்திலிருந்து விலகியது. 2009 ஜனவரி 2-ல் கிளிநொச்சி ராணுவத்தின் கைக்கு வந்தது. அடுத்த சில மாதங்களில் கொல்லப்பட்ட பொதுமக்களின் எண்ணிக்கை 40,000 வரை இருக்கலாம் என்பதை நிராகரிக்க முடியாது என 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது.

உயிர் தப்பியவர்களில் பலர் முள்வேலி முகாம்களுக்குக் கட்டிய துணியோடு வந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் போயிருந்தது. கொழும்பு அரசு கொடுத்த சான்றிதழ் தொலைந்திருந்தால் நகல் வாங்க ஒரு வழி இருந்தது. நடமாடும் சேவைகள் நடத்தி அவற்றை மறுபடி வழங்கினார்கள்.

தமிழீழ நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் வைப்பகத்தின் ரசீதுக்கும் நகல் கேட்டுப் போக ஓர் அலுவலகம் இல்லை. இலங்கைச் சட்டத்தில் அவற்றுக்கு இடமும் இல்லை. புலிகள் பிரித்துக் கொடுத்த நிலத்தில் வருஷக்கணக்கில் குடியிருந்தவரும், பழைய பத்திரத்தோடு திரும்பி வந்தவரும் ஒரே நிலத்துக்கு உரிமை கேட்ட சிக்கல்கள் கிளம்பின. பல வழக்குகளில் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது.

சர்வதேச சட்டம் என்ன சொல்கிறது?

நமீபியாவைத் தென்னாப்பிரிக்கா சட்டவிரோதமாக ஆண்டது குறித்து 1971-ல் சர்வதேச நீதிமன்றம் ஓர் ஆலோசனைக் கருத்து தந்தது. அந்த ஆட்சியின் செயல்கள் செல்லாது. ஆனால் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் போன்றவற்றை அதில் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அடிபடப்போவது சாதாரண மக்கள்தான் என்றது. 'நமீபியா விதிவிலக்கு' என்று அதைச் சொல்கிறார்கள். வடக்கு சைப்ரஸ் வழக்குகளில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதைப் பயன்படுத்தியது.

மால்டோவா இதை நடைமுறையிலேயே செய்து காட்டியது. டிரான்ஸ்னிஸ்ட்ரியாவை அது நாடாக ஏற்கவில்லை. ஆனாலும் அங்கே பதிவான கார்கள் வெளிநாடு போக 2018 முதல் பொதுவான நம்பர் பிளேட் தந்தது. அந்தப் பகுதியின் பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சான்றளிக்கவும் வழி செய்தது. அந்த அரசை ஏற்காமலேயே, அதன் கீழ் வாழ்ந்தவரின் படிப்பையும் வண்டியையும் ஏற்க முடிந்தது.

இது ஏன் இப்போது முக்கியம்?

2025 டிசம்பர் 26-ல் இஸ்ரேல் சோமாலிலாந்தை அங்கீகரித்தது, ஐ.நா. உறுப்பு நாடு ஒன்று அதைச் செய்தது அதுவே முதல் முறை. இனி யார் ஏற்பார், யார் எதிர்ப்பார் என்ற பேச்சு தொடரும். பெரும்பாலும் துறைமுகம், ராணுவத் தளம் என்ற கணக்கில்தான் அது நடக்கும். அங்கே 2009-லிருந்து மொபைலில் 'சாட்' சேவை மூலம் பணம் அனுப்பிப் பழகியவருக்கு, தன் பாஸ்போர்ட் எந்த விமான நிலையத்தில் செல்லும் என்பதுதான் முதல் கவலை.

இலங்கையில் தனி நாடு என்ற கேள்விக்கு யாரும் எந்தப் பதிலும் சொல்லலாம். நகை விஷயத்தில் அந்த வாதமே தேவையில்லை. அடகு வைத்தவருக்கு வேறு வங்கிக்குப் போகும் வசதி பெரும்பாலும் இருந்திருக்காது. யார் ஆண்டார்களோ அவர்களிடம் போனார். இப்போது அந்த நகைகளை உரியவரிடம் சேர்க்க வேண்டிய பொறுப்பு இலங்கை அரசிடம் இருக்கிறது. ரசீதைத் தொலைத்துவிட்டு முகாமுக்கு வந்த ஒருவர், இது என் தாலிக்கொடி என்று எதைக் காட்டி நிரூபிப்பார்? இந்த விவகாரத்தில் இனி கவனிக்க வேண்டியது அதற்கு அரசு வைக்கப்போகும் விதியைத்தான்.