வெள்ளைத் தூளுக்கு ஒரு பெயர்ச்சீட்டு

கேரம் பலகையில் காய்கள் எளிதில் வழுக்கிச் செல்லத் தூவப்படும் வெள்ளைத் தூளைப் பலரும் அறிவர். அது பெரும்பாலும் போரிக் அமிலமே. தோற்றத்தில் உப்பையும் மாவையும் ஒத்திருப்பதால், பெயரில்லாத டப்பாவில் அதனை வைத்தல் தவறு.

இவ்வமிலம் இயற்கையில் கிடைப்பது. இத்தாலி நாட்டின் டஸ்கனிப் பகுதியிலுள்ள வெந்நீர் ஊற்றுகளில் இது கலந்துள்ளது. இதற்கு மூலப்பொருளான வெங்காரம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் காணப்படுகிறது. பொன்னைப் பற்றவைக்கப் பொற்கொல்லர் வெங்காரத்தைப் பயன்படுத்துவர். சித்த மருத்துவத்திலும் அதற்கு இடமுண்டு. 1702ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ஹோம்பெர்க் என்னும் அறிஞர் வெங்காரத்திலிருந்து போரிக் அமிலத்தை உருவாக்கினார். 1870களில் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் புண்களில் கிருமிகள் பெருகாமல் தடுக்க இதனைக் கையாண்டார்.

கிருமியைத் தடுக்கும் பொருள் உணவையும் காக்கும் என்று கருதி, மேலைநாட்டு வணிகர் பாலிலும் வெண்ணெயிலும் இறைச்சியிலும் இதனைக் கலந்தனர். 1902ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலாளர் ஹார்வி வைலி, தாமாக முன்வந்த இளைஞர்களுக்கு இது கலந்த உணவை அளித்துச் சோதித்தார். பசியின்மை, தலைவலி, வயிற்றுக் கோளாறு ஆகியவை அவர்களிடம் தோன்றின. இன்று இந்தியாவில் உணவுப் பொருள்களில் இதனைச் சேர்க்க அனுமதி இல்லை. உணவைத் தீங்கின்றிப் பாதுகாக்கும் வழிகளை, மைசூருவில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து வருகிறது.

இயற்கையில் கிடைப்பது தீங்கு செய்யாது என்று சிலர் கூறுவர். எட்டிக்காயும் மரத்தில்தான் காய்க்கிறது. அதனை எவரும் உண்பதில்லை. போரிக் தூள் வயிற்றுக்குள் சென்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். அளவு மிகுந்தால், குறிப்பாகக் கைக்குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து நேரும். விழுங்கியவரை உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். தூள் இருந்த டப்பாவையும் காட்டுதல் வேண்டும்.

மைசூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றொரு கடமையும் உண்டு. டப்பாவின் மேலுள்ள ஆங்கிலமோ கன்னடமோ ஊரிலிருந்து வந்த பாட்டிக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், அடுப்பங்கரையில் டப்பாவைத் திறப்பவர் அவரே. தமிழ் எழுதக் கற்ற பேரப்பிள்ளைகள், ‘போரிக் தூள், உண்ணக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி அதில் ஒட்டுதல் நன்று. பின்னர் அந்த டப்பாவை அடுப்பங்கரையிலிருந்து அகற்றி, சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.