தாங்குவோரைத் தாங்குவோம்

முதுமையில் வரும் மறதி நோயை, "வயதானால் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் உள்ளதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களைப் பராமரிக்கும் பணியாளர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம்?

"என் வளையலைத் திருடிவிட்டாய்" என்கிறார் பாட்டி. பயிற்சி இல்லாதவர் வாதாடுவார், சண்டை மூளும். பயிற்சி பெற்றவரோ, அது நோயின் பேச்சு என்றறிந்து, "வாங்க பாட்டி, சேர்ந்து தேடலாம்" என்பார். இப்பொறுமை பிறவிக் குணமன்று. கற்றுத்தரக் கூடியதே என்பேன்.

ஆனால் இரவும் பகலும் ஒருவரே விழித்திருந்தால், கற்ற பொறுமையும் கரைந்துபோகும். வார விடுமுறை, மாற்று ஆள், நியாயமான கூலி, மனம்விட்டுப் பேச ஒரு துணை ஆகியவையும் வேண்டும். தொண்டு என்று புகழ்ந்துவிட்டு ஊதியத்தைக் குறைப்பது அறமாகாது. தாங்கும் கை தளர்ந்தால் முதியவரும் வீழ்வார் அன்றோ?