ஒழிவிடம் அறியும் உரிமை

அமெரிக்க நாட்டில் மருத்துவத் தொழில் செய்ய மருத்துவப் பட்டம் மட்டும் போதாது. பட்டம் பெற்றபின் மருத்துவமனையொன்றில் மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை பயிற்சி பெறுதல் வேண்டும். 'இரெசிடென்சி' என அவர்கள் வழங்கும் இதனை உறைபயிற்சி என்போம். முற்காலத்தில் பயிலும் மருத்துவர் மருத்துவமனைக்குள்ளேயே உறைந்தமையால் அமைந்த பெயர் அது. நம் நாட்டில் பல்லாண்டு மருத்துவம் பார்த்தவரும் ஆங்குப் பெரும்பாலான மாநிலங்களில் உறைபயிற்சி முடிக்காமல் உரிமம் பெறவியலாது. ஆதலின் எந்த மருத்துவமனையில் எத்தனை இடம் நிரம்பாமல் உள்ளது என்னும் செய்தி, ஆங்குச் செல்லும் இளைஞர்க்கு வாழ்வா தாழ்வா என்பதற்கு ஒப்பானது. ('காலி' என்பது அரபுச் சொல். ஒழிவிடம் எனத் தமிழில் சொல்ல நமக்கு என்ன இடர்?) அச்செய்தியைப் பூட்டி வைப்பது முறைதானா என்பதே என் வினா.

பூட்டியதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1940களில் மருத்துவமனைகள் மாணவரை முந்திப் பிடிக்கப் போட்டியிட்டன. படிப்பு முடிய இரண்டாண்டு இருக்கும்போதே இடம் கொடுத்துக் கட்டிப்போட்டனர். அதனைத் தடுத்தபின், தந்தியில் அழைப்பு விடுத்துச் சில மணிக்குள் விடை கேட்டு நெருக்கினர். இக்குழப்பம் நீங்க 1952இல் நடுவண் பொருத்தத் திட்டம் தோன்றியது. மாணவர் தாம் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்துவர். மருத்துவமனைகளும் மாணவரை வரிசைப்படுத்தும். இரண்டையும் கணக்கிட்டுப் பொருத்துவர். 1990களின் இறுதியில் அக்கணக்கைத் திருத்தியமைத்த ஆல்வின் உரோத்து, 2012இல் இலாயிடு சேப்லியுடன் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அறிவார்ந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

எத்துணைப் பொருத்தினும் சில இடங்கள் எஞ்சும். சில மாணவரும் எஞ்சுவர். 2011 வரை அந்த எச்சத்துக்காக நிகழ்ந்தது பெரும் முட்டிமோதலே. பட்டியல் வந்தவுடன் ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் தொலைபேசியிலும் தொலைநகலிலும் மருத்துவமனைகளை மொய்த்தனர். 2012இல் அதற்கும் நெறி வகுத்தனர். 'சோப்' எனச் சுருக்கி வழங்கும் துணைத் திட்டம் அது. நாம் தேய்த்துக் குளிக்கும் வழலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மார்ச்சுத் திங்களின் மூன்றாம் வெள்ளியன்று முடிவு வெளியாகும். அக்கிழமையின் திங்களன்றே இடம் கிட்டாதார்க்குச் செய்தி சொல்லி, நிரம்பாத இடங்களின் பட்டியலைக் காட்டுவர். ஒருவர் 45 இடங்களுக்கு மேல் வேண்டுகை விடுக்கலாகாது. மருத்துவமனை அழைக்கும்முன் தாமாகப் பேசலாகாது. வியாழனன்று சுற்றுச் சுற்றாக இடம் வழங்குவர். இரண்டு மணி நேரத்துள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும்.

பேசலாகாது என்னும் கட்டுப்பாட்டை நான் ஏற்கிறேன். அது முட்டிமோதலைத் தடுத்தது. ஆனால், பட்டியலையே முன்னரே பதிவு செய்து தகுதியும் பெற்றவர் மட்டும் காணலாம், கண்டவர் பிறர்க்குக் காட்டலாகாது என்பதை எங்ஙனம் ஏற்பது? மருத்துவமனைக்கு மருத்துவர் தேவை என்பது பொதுமக்கள் செய்தி. உறைபயிற்சிக்கு அந்நாட்டு அரசின் முதியோர் மருத்துவக் காப்பு நிதியிலிருந்து பெரும்பொருள் செல்கிறது. மக்கள் பொருளில் நடப்பதன் ஒழிவிடம் மக்கள் கண்ணுக்கு ஏன் மறைய வேண்டும்?

ஆண்டு கழிந்தபின் எந்தப் பயிற்சியில் எத்தனை இடம் நிரம்பிற்று என அத்திட்டத்தாரே வெளியிடுகின்றனர். அதனை எவரும் காணலாம். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 'பிரீடா' தொகுப்பில் பயிற்சி தரும் இடங்களையும் அவற்றின் அளவையும் தேடலாம். ஆயின் பழம்பட்டியலை நம்பிப் புதுப்பயணம் போதல் அரிது. நெருக்கடி மருத்துவத் துறையையே பாருங்கள். 2021இல் எஞ்சியவை 14 இடங்களே. 2022இல் 200ஐத் தாண்டின. 2023இல் 550ஐயும் கடந்தன. 2024இல் மீண்டும் 150க்குக் கீழ் இறங்கின. நடுவாண்டில் ஒருவர் விலகுவதால் ஒழியும் இரண்டாம் மூன்றாமாண்டு இடங்களோ இத்திட்டத்துக்குள் வருவனவல்ல. அந்தந்த மருத்துவமனை அறிவிப்பையும் துறைக் கழகங்களின் அறிவிப்பையும் ஓயாது பார்த்திருக்க வேண்டியதுதான்.

இந்த இருட்டில்தான் தரகன் கடை விரிக்கிறான். என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார், உழவர், ஒருநாள் தாள்கட்டொன்றைக் கொணர்ந்தார். 'ஒழிவிடப் பட்டியல்' என்று சொல்லி ஒருவர் பெருந்தொகைக்கு விற்றது அது. பிரித்துப் பார்த்தால், விலையின்றி எவரும் காணத்தக்க முந்தையாண்டுக் கணக்கு! ஆங்கிலத்தில் இருந்தமையால் அவர் அதனை அரும்பொருள் என நம்பிவிட்டார். படித்த மகனும் நம்பினான் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

ஒழிந்த இடமெல்லாம் நமக்குத் திறந்த இடமுமன்று. நுழைவிசைவுக்குப் பொறுப்பேற்காத மருத்துவமனைகள் பல. பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்கு மேற்பட்டவரை வேண்டா எனத் தள்ளுவனவும் உண்டு. 2025 செப்டம்பரில் அமெரிக்கத் தலைவர், புதிய 'எச்-1பி' வேண்டுகைக்கு 1,00,000 தாலர் கட்டவேண்டுமென ஆணையிட்டார். பயிற்சி மருத்துவர்க்காக எந்த மருத்துவமனை அதனைச் செலுத்தும்? ஆதலின் 'சே-1' நுழைவிசைவை ஏற்கும் இடமா என்பதை முதலில் கேட்டறிந்து, அதன்பின் ஒழிவிடத்தை எண்ணுதல் நன்று. நம் பிள்ளைகள் இங்கேயே சிற்றூர் மருத்துவமனைகளில் பணிபுரியலாகாதா என்று கேட்பார்க்கு, அது வேறு வழக்கு. நானும் அவ்வழக்கில் உங்கள் பக்கமே.

பொருத்தத் திட்டத்தார் செய்யவேண்டியது எளிது. அத்திங்களன்றே பட்டியலைப் பொதுவில் வைக்கட்டும்; எந்த நுழைவிசைவை ஏற்பர் என்பதையும் ஒவ்வோரிடத்தின் எதிரே குறிக்கட்டும்; பேசலாகாது என்னும் நெறி அப்படியே இருக்கட்டும். நம்மவர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் வாழும் தமிழ் மருத்துவர்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றனர்; மகிழ்ச்சி. எந்த நாளில் பதிவு, எவ்வளவு கட்டணம், எந்தச் செய்தி விலையின்றிக் கிடைக்கும், எதற்குத் தரகனிடம் ஒரு காசும் தரவேண்டா என்பனவற்றை நல்ல தமிழில் நாற்பது பக்கத்தில் அவர்கள் எழுதித் தந்தால், அச்சிட்டு ஊர்தோறும் கொண்டுசேர்க்க நம்மிடம் ஆளுண்டு.