முதல் மழைக்கு முன் நிலத்தை மூடுதல்

வன்னியிலுள்ள வற்றாப்பளையின் வயல்களும் தென்னங்காணிகளும் நந்திக்கடற் களப்பை நோக்கிச் சரிந்து கிடப்பவை. அயற்கிராமங்களின் மழைநீரில் பெரும்பகுதியும், வவுனியாவின் வடபகுதியில் தோன்றி முத்தையன்கட்டுக் குளத்தின் வழியாக வடகிழக்கே ஓடும் பேராற்றின் நீரும் இறுதியில் அந்தக் களப்பையே சேர்கின்றன. களப்பு கடலோடு தொடர்புகொள்வது வட்டுவாகல் பக்கத்துக் குறுகிய முகத்துவாரத்தினால் மட்டுமே என்பதாலும், கோடையில் அதையும் மணல் அடைத்துவிடுவதாலும், மாரியில் நிலத்திலிருந்து வந்து சேர்வதில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகின்றது. 2017 இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது; எனினும் ஒதுக்கத்தின் எல்லைக்கல் நீரில் கரைந்து வரும் பசளையைத் தடுக்காது. அதைத் தடுக்கக்கூடிய இடம் எல்லைக்கு வெளியே, கமக்காரரின் காணிக்குள் இருக்கின்றது. மூடுபயிர் பற்றி இவ்விதழ் எழுத முற்படுவதும் அந்தக் காரணத்தினாலேயே.

பிரதான பயிரின் விளைச்சலுக்காக அன்றி, நிலத்தை வெறுமையாக விடாமல் மூடி வைப்பதற்காகவும், மண்ணிலுள்ள போசணையை வேரினால் பற்றி வைப்பதற்காகவும் வளர்க்கப்படும் பயிரே மூடுபயிர் எனப்படும். அது பூக்கும் பருவத்தில் மண்ணோடு உழுது புதைக்கப்படுமாயின் பசுந்தாட் பசளை என்ற பெயரைப் பெறும். ஒரே பயிர் இரு பணிகளையும் செய்யக்கூடியதாயினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. போசணை இழப்பு பெரும்பாலும் இரு வழிகளில் நிகழ்கின்றது. நைதரசன் நைத்திரேற்றாக மாறியபின் மண்துணிக்கைகளில் ஒட்டிக்கொள்ளாமல் நீருடன் கரைந்து கீழிறங்கிக் கிணற்றையோ வாய்க்காலையோ சேர்கின்றது; பொசுபரசோ மண்துணிக்கைகளில் இறுகப் பற்றியிருப்பதால் மண்ணரிப்போடு சேர்ந்தே பெருமளவில் நகர்கின்றது. நீர்நிலையில் இவை மிகும்போது அல்காக்கள் பெருகி, அவை இறந்து அழுகுகையில் நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் தீர்ந்து, மீனும் இறாலும் மூச்சுவிட முடியாத நிலை தோன்றுகின்றது. நற்போசணையாக்கம் என்று பாடநூல்கள் குறிப்பிடும் இந்நிலை, நந்திக்கடலில் வலை வீசும் குடும்பங்களுக்கு நாளாந்த வருமானம் பற்றிய விடயம்.

டென்மார்க்கிலும், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் செசப்பீக் விரிகுடாவைச் சுற்றியும் மூடுபயிர் இன்று அரச கொள்கையாகவே நடைமுறையில் உள்ளது. டென்மார்க்கில் அது சட்டக் கடப்பாடு. மேரிலாந்தில் அதற்காகக் கமக்காரருக்குப் பணம் வழங்கப்படுகின்றது. அந்நாடுகளில் அறுவடைக்குப் பின் வரும் குளிரும் ஈரமும் மிகுந்த மாதங்களில் வயல் வெறுமையாகக் கிடப்பதும், அந்த மாதங்களிலேயே நைத்திரேற்று அதிகம் கழுவப்படுவதும் ஒரே காலத்தில் நிகழ்வதால், அறுவடை முடிந்தவுடன் ஒரு புல்வகையை விதைத்தாற் போதுமானது. வன்னியின் காலநிலை இதற்கு நேர்மாறானது. இங்கு அறுவடைக்குப் பின் வருவது வறட்சி. வெறுமையான நிலத்தின் ஊடாக நீர் இறங்குவதே இல்லை. நீர் இறங்கும் காலம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், பயிர் நிலத்தில் நிற்கும்போதே வருகின்றது. ஆகவே மேலை நாட்டு நாட்காட்டியை அப்படியே எடுத்து வந்து வன்னியில் மூடுபயிரைப் பரிந்துரைப்பது, நோய்க்குரிய வேளையில் அன்றி வேறு வேளையில் மருந்து கொடுப்பதாகவே முடியும்.

வன்னி மண்ணில் இழப்பு எந்தக் கிழமைகளில் நிகழ்கின்றது என்பதைப் புரிந்துகொள்வதற்கு 1958 இல் பேர்ச் என்ற ஆய்வாளர் கிழக்காபிரிக்க மண்களைக் கொண்டு வெளியிட்ட முடிவு உதவுகின்றது. நன்கு காய்ந்த மண் மீண்டும் நனையும்போது, அதிலுள்ள நுண்ணங்கிகள் திடீரென உயிர்ப்புற்றுச் சேதனப் பொருளை விரைவாகச் சிதைப்பதால், சில நாட்களுக்குள் பெருமளவு நைதரசன் கனிய வடிவில் வெளிப்படுகின்றது; மண் எவ்வளவு நீண்டகாலம் காய்ந்திருந்ததோ அந்த அளவுக்கு இப்பெருக்கும் பெரிதாகும். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை காயும் வன்னி மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. 1990களின் தொடக்கத்தில் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆய்வாளர்கள் இதே விடயத்தை நெல்வயலில் ஆராய்ந்தனர். வறட்சியிலிருந்து மழைக்கு மாறும் இடைக்காலத்தில் வயலில் திரளும் நைத்திரேற்று, வயலில் நீர் தேங்கியதும் ஒரு பகுதி கீழே கழுவப்பட்டும், மறுபகுதி நைதரசனிறக்கத்தினால், அதாவது ஒட்சிசன் அற்ற மண்ணில் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக மாற்றுவதனால், வளிமண்டலத்துக்குச் சென்றும் இழக்கப்படுகின்றது என்பதையும், அந்த இடைக்காலத்தில் நிலத்தில் ஏதேனும் தாவரம், அது களையாகவே இருப்பினும், வளர்ந்து நின்றால் இழப்புக் குறைகின்றது என்பதையும் அவர்கள் காட்டினர். காலபோகத்தின் முதல் நான்கைந்து கிழமைகள் வன்னிக் கமத்தின் மிகப் பெரிய ஓட்டை என்று கூறுவது இதனாலேயே பொருந்துகின்றது.

இங்கேதான் பற்றும் பயிருக்கும் ஊட்டும் பயிருக்கும் உள்ள வேறுபாடு முன்வருகின்றது. சணல், தக்கைப்பூண்டு, பயறு, கௌபி ஆகிய அவரையினப் பயிர்கள் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் றைசோபியம் பற்றீரியாவின் துணையோடு வளியிலுள்ள நைதரசனை நிலைநிறுத்துகின்றன. அவை மண்ணுக்கு ஊட்டுபவை. இறுங்கு, குரக்கன், சாமை போன்ற புல்லினப் பயிர்கள் மண்ணிலுள்ளதை மட்டுமே எடுக்கக்கூடியவை ஆதலால், ஆழமும் அடர்த்தியும் கொண்ட வேர்த்தொகுதியால் நைத்திரேற்றை முழுமுயற்சியோடு பற்றுபவை. 2006 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளின் களப்பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, அவரையினம் அல்லாத மூடுபயிர்கள் நைத்திரேற்றுக் கழுவலைச் சராசரியாக நூற்றுக்கு 70 அளவிலும், அவரையினத்தை நைதரசன் மூலமாகக் கொண்ட முறைகள் நூற்றுக்கு 40 அளவிலும் குறைத்தன என்று கண்டது. இலங்கையின் விரிவாக்கப் பணியில் மூடுபயிர் என்றாலே சணலும் சீமைக்கிளுவையும் மட்டுமே பேசப்படுகின்றன. நீரின் தூய்மை நோக்கமாயின் அப்பேச்சு போதாது. இறுங்கையும் பயறையும் கலந்து விதைப்பது, பற்றுவதையும் ஊட்டுவதையும் ஒரே காணியில் இணைக்கும் எளிய வழி. விதைக்கும் செலவு குறைவு, வறட்சியை இறுங்கு தாங்கும்.

அவரையினத்தை விதைப்பவர் பசளைக் கணக்கைத் திருத்த வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தது. ஒரு 50 கிலோ மூட்டை யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. ஓர் ஏக்கரில் வளர்ந்த சணலின் உலர்நிறை ஒன்றரைத் தொன் என்றும், அதில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு நைதரசன் என்றும் எடுத்துக்கொண்டால், புதைக்கப்படுவது ஏறத்தாழ 37 கிலோ. அதில் பாதி அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்கும் என்று கொண்டாலும் அது ஒரு மூட்டை யூரியாவுக்குச் சற்றுக் குறைவான அளவு. சணலையும் புதைத்து, பழைய அளவு யூரியாவையும் எறிந்தால், அந்த மேலதிகம் செல்லுமிடம் கிணறும் களப்புமே. மூடுபயிர் விதை வழங்கும் எந்தத் திட்டமும், யூரியாவில் எவ்வளவு குறைப்பது என்ற அறிவுறுத்தலையும் சேர்த்து வழங்காவிட்டால், நீரைக் காக்கப் புறப்பட்ட திட்டமே நீரைக் கெடுப்பதாக முடியும்.

2021 ஆம் ஆண்டின் அனுபவம் இவ்விடத்தில் நினைவுகூரப்பட வேண்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் அசேதனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்படுவதற்குள், கமக்காரர் ஒரே இரவில் சேதனப் பசளைக்கு மாறுமாறு பணிக்கப்பட்டனர். விளைச்சல் வீழ்ந்தது, கடன் ஏறியது, அதன் பின் பசுந்தாள் என்ற சொல்லே பல வயல்களில் ஐயத்தோடு கேட்கப்படுகின்றது. அந்த ஐயம் நியாயமானது. மூடுபயிரை யூரியாவுக்கு மாற்றீடாக மீண்டும் முன்வைப்பது அறிவுடைமையாகாது. கமக்காரர் காசு கொடுத்து வாங்கிய யூரியா அவருடைய வயலிலேயே நிற்பதற்கான காவலாக அதை எடுத்துச் சொல்வதே உண்மைக்கும் நெருக்கமானது, கேட்பவரின் காதுக்கும் ஏற்புடையது.

நடைமுறையில் மிகக் கடினமான இடம் புழுதி விதைப்பு. முதல் மழைக்கு முன் காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிடும் இம்முறையில், மழைக்கும் நெல்லுக்கும் இடையே மூடுபயிருக்கு இடமே இல்லை. நைத்திரேற்று பெருகும் நாட்களில் நெல்லின் வேரோ விரலளவு கூட இறங்கியிராது. இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ள ஒரு வழி கவனத்துக்குரியது: நேரடியாக விதைக்கும் நெல்லோடு தக்கைப்பூண்டையும் ஊடுபயிராக விதைத்து, ஏறத்தாழ ஐந்தாறு கிழமைகளில் உருளும் களையெடுக்கும் கருவியினால் அதைச் சேற்றோடு அமுக்கிவிடுவது. வீச்சு விதைப்பு வழக்கிலுள்ள வன்னியில், வரிசையில் விதைக்கும் கருவி இல்லாமல் இதை அப்படியே செய்ய முடியாது என்பது உண்மை. அதுவரை குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம். முதல் மழைக்கு முன் புழுதியில் யூரியா எறிவதை நிறுத்தி, வேர் இறங்கிய பின் பகுதி பகுதியாக இடுவது, ஒரு விதை கூடச் செலவின்றி இழப்பைக் குறைக்கும்.

மாசி, பங்குனியில் காலபோக அறுவடைக்குப் பின் மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரம் மூடுபயிருக்குக் கிடைக்கும் இன்னொரு வாய்ப்பு. இடைப்போகமாகப் பயறு விதைக்கும் வழக்கம் ஏற்கனவே உள்ளதால், கமக்காரருக்கு இது புதிய பாடமன்று. குளத்து நீரைத் தொடாமல், எஞ்சிய ஈரத்தில் மட்டுமே அது வளர வேண்டும் என்பதே கவனிக்கத்தக்கது. ஆனால் அதை வளர விடாமல் தடுப்பது வறட்சியை விடவும் கட்டாக்காலி மாடுகளே. அறுவடை முடிந்ததும் வயல்கள் பொது மேய்ச்சல் நிலமாகிவிடுவது வன்னியின் நெடுநாள் வழக்கம். அதைக் குறைகூறுவதில் பயனில்லை: காட்டோரப் பட்டிகளை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு வேறு மேய்ச்சல் தரை சுருங்கிவிட்டது, மாடு வயலில் விட்டுச் செல்லும் சாணமும் பசளையே. இதைத் தனியொரு கமக்காரர் வேலி போட்டுத் தீர்க்க முடியாது. நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடியும் நாளும் தீர்மானிக்கப்படும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், கமநல அபிவிருத்தித் திணைக்கள உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்பினர், மாட்டுப்பட்டி உடையோர் ஆகிய மூவரும் இருந்து, எந்த வயற்கண்டத்தில் எத்தனை கிழமைக்கு மாடு இறங்காது, அதற்கு ஈடாக எந்தக் கண்டம் மேய்ச்சலுக்குத் திறந்திருக்கும் என்பதை ஒருங்கே முடிவுசெய்தால் மட்டுமே இது நடக்கும். முளைக்கும் திறனுள்ள விதையை விட, இந்த உடன்பாடே முதலில் தேவைப்படுவது.

வளர்ந்த மூடுபயிரை எப்போது உழுவது என்பதும் விதைக்கும் நாளைப் போலவே முக்கியமானது. ஆவணியில் உழுது புதைத்துவிட்டால், பற்றி வைத்த நைதரசனில் பெரும்பகுதி முதல் மழையின் பெருக்கோடு சேர்ந்து வெளிப்பட்டுவிடும். தாளை நிலத்தின் மேலேயே மூடாக்காக விட்டு, விதைப்புக்கு மிக அண்மையில் கலப்பதே நன்று; புல்லினத் தாளில் காபன் மிகுதியாக இருப்பதால் அது மெதுவாகவே சிதையும், அந்த மெதுமையும் இங்கு பயனுள்ளதே.

களப்பின் கரையை அண்டிய மணற்பாங்கான காணிகளில் தென்னையும் கச்சானுமே பெரும்பாலானவை. நீர் விரைந்து இறங்கும் இம்மண்ணில் பசளை தங்குவதற்குச் சேதனப் பொருளைத் தவிர வேறு பிடிப்பு இல்லை. லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவகம் தென்னந்தோட்டங்களுக்குப் பியூரேரியா போன்ற படரும் அவரையினங்களையும் சீமைக்கிளுவையையும் நீண்டகாலமாகப் பரிந்துரைத்து வருகின்றது. வடக்கில் தென்னைச் செய்கை விரிவடைந்துவரும் இவ்வேளையில், புதிதாக நடப்படும் ஒவ்வொரு காணியிலும் நடுகுழியோடு சேர்த்து நிலப்போர்வையும் திட்டமிடப்படுவது செலவு குறைந்த வேலை. மரம் வளர்ந்தபின் அதைத் தொடங்குவது இருமடங்கு பாடு. பியூரேரியா கோடையில் மண்ணின் ஈரத்துக்குத் தென்னையோடு போட்டியிடும் என்பதால், மழை ஓய்ந்ததும் அதை வெட்டி மரத்தைச் சுற்றி மூடாக்காகப் பரப்ப வேண்டும்.

பசளை நிலத்தடிக்கு இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. அதன் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்துவிட்டதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. வெங்காயமும் மிளகாயும் செறிவாகப் பயிரிடப்படும் வலிகாமத்தின் பல கிணறுகளில் அது உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியது. அந்த எல்லைக்கு மேற்பட்ட நீர் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனைக் குறைக்கக்கூடியது. ஒருமுறை நிலத்தடிக்கு இறங்கிய நைத்திரேற்றை வெளியேற்றுவதற்குச் சாதாரண வழி இல்லை என்பதை யாழ்ப்பாணம் பெருவிலை கொடுத்தே கற்றது. வற்றாப்பளையின் ஆழமற்ற வீட்டுக் கிணறுகளும் மணலின் கீழுள்ள நீரையே நம்பியிருப்பவை.

எனவே வரும் காலபோகத்துக்கு முன் செய்யத்தக்க ஒரு வேலையை இவ்விதழ் முன்மொழிகின்றது. ஒரே வாய்க்காலுக்கு வடியும் இரு வயற்கண்டங்களைத் தெரிந்து, ஒன்றில் இறுங்கு, பயறுக் கலப்பை வளர்த்து யூரியாவைக் கணக்கிட்டுக் குறைத்தும், மற்றதை வழமைபோல விட்டும், முதல் மழை விழுந்த நாள் தொடக்கம் ஆறு கிழமைக்குக் கழிவு வாய்க்கால் நீரையும் அண்டைக் கிணற்று நீரையும் கிழமைக்கு இருமுறை எடுத்து நைத்திரேற்றை அளக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீட மாணவருக்கு இது ஓர் இறுதியாண்டு ஆய்வுக்குப் போதிய பணி. விவசாயப் போதனாசிரியருக்கு அடுத்த கூட்டத்தில் எடுத்துக் காட்டுவதற்கான சான்று. மாதிரிப் போத்தல்களைக் கழுவி, முதல் மழைக்கு முன்னரே வாய்க்கால் ஓரத்து வீடொன்றில் கொடுத்து வைக்க வேண்டும். ஏனெனில் அந்த மழை இரவிலும் வரலாம், முதல் நீரே அதிகம் சுமந்து செல்லும்.