விண்ணில் அளந்த ஈரமும் வெட்டவெளியில் நனைந்த நெல்லும்

வானொலி அலை பாட்டைச் சுமந்து வருவதை அறிவோம். மழையின் வரவையும் அது உரைக்கும் என்றால் வியப்பாக இல்லையா?

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் வழிகாட்டிச் செயற்கைக் கோள்கள் விடுக்கும் அலை, பூமியின் விளிம்பையொட்டிக் காற்றினூடே செல்கையில் வளைகிறது. குளத்து நீரில் ஊன்றிய கோல் வளைந்து தோன்றுவதுபோல! அவ்வளைவை வேறொரு கோள் அளந்தால் காற்றின் வெப்பமும் ஈரமும் புலப்படும். மேகம் தடையன்று, பலூன் பறக்கவிட ஆளில்லா நடுக்கடலும் தடையன்று. 2009இல் நமது ஓசன்சாட்-2 இதற்கான இத்தாலியக் கருவியைச் சுமந்து சென்றது. 2019இல் அமெரிக்காவும் தைவானும் ஆறு கோள்களை ஏவின.

போற்றுகிறோம். ஆனால், கொள்முதல் நிலையத்தின் முன் குவிந்து கிடக்கும் நெல்லுக்கு அதனால் விளைந்த பயன் யாது? குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் கைகோத்து வருவது தஞ்சைத் தரணியில் பாட்டன் காலத்துச் செய்தி. 2025 அக்டோபரில் வானிலை நிலையம் எச்சரிக்காமலா இருந்தது? எச்சரித்தது. நெல் நனைந்தது, முளையும் விட்டது!

காற்றின் ஈரத்தை விண்ணிலிருந்து அளக்கும் காலத்தில், நெல்லின் ஈரம் 17 விழுக்காட்டைத் தாண்டியதென்று உழவனிடம் கணக்குக் கேட்கிறார்கள். அந்த ஈரம் அவன் ஊற்றியதா? நாட்கணக்கில் அவனைக் காக்கவைத்தவர் யார்? அறிவிப்பைப் படித்துவிட்டுத் தார்ப்பாயும் சாக்கும் லாரியும் அனுப்ப மறந்தவர் யார்?

எச்சரிக்கை வந்த அன்றே எடை போடு, ஏற்றிச் செல். தவறினால் நனைந்த நெல்லை முழு விலைக்கு வாங்கு! அடுத்த குறுவை களத்துக்கு வருமுன், ஒவ்வொரு கொள்முதல் நிலையத்தின் வாயிலிலும் நின்று இதைக் கேளுங்கள்.