மன்னிப்பை யாரிடம் கேட்பது?



தொலைக்காட்சி நம் இல்லங்களுக்குள் நுழைந்த நாள் முதலாய், அதனால் விளைவது நன்மையா தீமையா என்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. இன்று அது கைபேசியின் வடிவில் பிள்ளைகளின் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று விசாரிக்கும் பெற்றோர் பலர் உண்டு. பார்த்ததிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்போர் சிலரே. அந்தக் கேள்விக்கு ஏற்ற ஒரு விஞ்ஞானத் தொடரைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

‘பாபிலோன் 5’ என்னும் அமெரிக்கத் தொடரின் முன்னோட்டப் படம் 1993-ஆம் ஆண்டு ஒளிபரப்பாயிற்று. 1994 முதல் 1998 வரை ஐந்து பருவங்களாக 110 பகுதிகள் வெளிவந்தன. அவற்றுள் 92 பகுதிகளை எழுதியவர் இதன் படைப்பாளரான மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. அக்காலத்துத் தொடர்கள் பலவற்றில், சென்ற வாரம் என்ன நிகழ்ந்திருந்தாலும் இவ்வாரம் கதைமாந்தர் பழைய நிலையிலேயே வந்து நிற்பர். இத்தொடரோ ஐந்தாண்டுக் கதையாக முன்கூட்டியே திட்டமிடப்பட்டது. ஆதலால், மனிதர் செய்த செயலின் சுமை அவர்களைத் தொடர்ந்தே வருகிறது.

விண்வெளி நிலையம் ஒன்றில் பல இனங்களின் தூதர்கள் வாழ்கின்றனர். லோண்டோ மொலாரி, மங்கிப்போன பேரரசான சென்டாரியின் தூதர். ஜகார், அப்பேரரசிடம் முன்னர் அடிமைப்பட்டு, போராடி விடுதலை பெற்ற நார்ன் இனத்தின் தூதர். தொடக்கத்தில் ஜகார்தான் பழிவெறி கொண்டவராகத் தோன்றுகிறார். லோண்டோவோ சிரிப்பூட்டும் கிழவர்.

ஒருநாள் மோர்டன் என்பவன் லோண்டோவிடம் வந்து, ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கிறான். தம் இனத்தின் பழைய பெருமை திரும்ப வேண்டும் என்கிறார் அவர். கேட்டது தவறென்று நமக்கும் தோன்றாது. ஆயினும் விலை என்னவென்று விசாரியாமல் பெற்ற உதவி அது. ஓர் உதவி இன்னோர் உதவிக்கு வழிவகுக்க, அவருடைய சொல் ஒன்றினால் போர் மூள்கிறது. ‘இதைச் செய்யாதீர்கள், வாழ்நாளெல்லாம் வருந்துவீர்கள்’ என்று அவருடைய உதவியாளர் வீர் மன்றாடுகிறார். அவர் செவிசாய்க்கவில்லை.

அதே பொழுதில் வேறொன்றும் நிகழ்கிறது. நார்ன்களுக்குத் தம் முன்னோர் இழைத்த கொடுமைக்கு வருத்தம் தெரிவிக்கவே நிலையத்திற்கு வந்திருந்த சென்டாரிப் பேரரசர் நோயில் வீழ்கிறார். அவருடைய செய்தி மருத்துவர் வாயிலாக ஜகாரை எட்டுகிறது. அப்பேரரசரைக் கொல்லத் துணிந்திருந்த ஜகார், மனம் நெகிழ்ந்து லோண்டோவிடம் நட்புக் கரம் நீட்டுகிறார். தாக்குதலுக்கான ஆணையோ ஏற்கெனவே போய்விட்டது! பின்னர், நார்ன் உலகின் மீது விண்கற்கள் வீசப்பட்டு நகரங்கள் பொடியாவதைக் கப்பலின் சாளரத்தருகே நின்று பார்க்கிறார் லோண்டோ. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. பீட்டர் ஜுராசிக் என்னும் நடிகர் இக்காட்சியில் ஒரு சொல்லும் பேசாமலே அனைத்தையும் உணர்த்திவிடுகிறார்.

ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ் நடித்த ஜகாரின் பாதையோ வேறு. நாடிழந்து, சிறைப்பட்டு, பின்னர் பித்துப்பிடித்த ஒரு பேரரசனிடம் சிக்கிச் சவுக்கடி பட்டு, ஒரு கண்ணையும் இழக்கிறார். விடுதலை கிடைத்தபோது, பழிக்குப் பழி வாங்கத் துடித்த தம் மக்களுக்குத் தலைமை ஏற்க மறுத்துவிடுகிறார். அடிமைத்தளையிலிருந்து மீண்டவர், வெறுப்பு என்னும் தளையையும் அறுத்தெறிகிறார்.

இனி, நம் சிந்தனைக்குரிய இடம். 1998-இல் வந்த ஒரு பகுதியில் லோண்டோவின் இதயம் பழுதுபட்டு, உயிர் ஊசலாடுகிறது. கனவில் ஜகார் சவுக்கேந்தி நிற்கிறார். ‘அவை என் கையால் நடந்தவை அல்லவே’ என்று வாதாடிப் பார்க்கிறார் லோண்டோ. கண்முன் நடந்த கொடுமைக்கு வாய்மூடி நின்றதே அவர்மீதுள்ள குற்றச்சாட்டு. வருந்துகிறேன் என்ற சொல் வெளிவந்த பின்னரே அவர் கண்விழிக்கிறார். அப்பருவத்தின் பிற்பகுதியில், இருவரும் பிரியும் வேளையில், என் மக்கள் உங்களை மன்னிக்க இயலாது, ஆனால் நான் உங்களை மன்னிக்கிறேன் என்ற கருத்தில் ஜகார் பேசுகிறார்.

சகோதர சகோதரிகளே! நம் மார்க்கம் இதனை எவ்வளவு தெளிவாக வகுத்துத் தந்துள்ளது! இறைவனுக்குச் செய்யும் கடமையில் நேர்ந்த குறைக்கு அவனிடமே பாவமன்னிப்புக் கோருகிறோம். அடியார்களின் உரிமையான ஹக்குல் இபாதில் இழைத்த குறைக்கோ, அத்துடன் பாதிக்கப்பட்டவரின் உரிமையையும் திருப்பித் தரவேண்டும். அவரிடம் பொருத்தமும் பெறவேண்டும். தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றுடன் மறுமைக்கு வந்தும், பிறருக்கு இழைத்த அநீதிக்காகத் தம் நன்மைகளையெல்லாம் பறிகொடுத்து நிற்பவரே திவாலானவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தம் பங்கை மட்டும் மன்னித்து, பிறர் பங்கைத் தம்மால் மன்னிக்க இயலாதென்ற ஜகாரின் நிதானம் அதனாலேயே நம்மைக் கவர்கிறது. ஒருவருக்குரிய உரிமையை மற்றவர் விட்டுக்கொடுக்க முடியாதல்லவா? மன்னிப்பின் உச்சத்தையோ யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றிலும், ஹிஜ்ரி 8-இல் நடந்த மக்கா வெற்றியிலும் நாம் முன்பே கண்டிருக்கிறோம்.

இத்தொடரில் நம் கொள்கைக்கு ஒவ்வாதவையும் உண்டு. ஆன்மாக்கள் மீண்டும் பிறக்கும் என்று நம்பும் ஓர் இனம் இதில் வருகிறது. மதுவும் தாராளமாகவே காட்டப்படுகிறது. ஆகவே, வளர்ந்த பிள்ளைகள் இதனைப் பார்ப்பதாயின் பெற்றோர் உடனிருப்பதே முறை. லோண்டோ எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும், வீரின் இடத்தில் நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேளுங்கள். அதட்டலால் ஆகாதது அந்த உரையாடலால் ஆகலாம்.

பிள்ளைகளிடம் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். பாகப்பிரிவினையில் பங்கு மறுக்கப்பட்ட சகோதரி, கூலி குறைக்கப்பட்ட பணியாள், சபையில் நாம் தலைகுனிய வைத்த உறவினர் என்று நம் வாழ்விலும் ஒரு ஜகார் இருக்கக்கூடும். லோண்டோவுக்கு அச்சொல்லை உதிர்க்க மரணத்தின் வாசல் தேவைப்பட்டது. நமக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏது?

உரியவரிடம் சென்று உரிய நேரத்தில் பொருத்தம் கேட்கும் பணிவையும், கேட்டு வந்தவரை மன்னிக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.